எஞ்சினை இறக்குவதற்கு முன்

பழைய மோட்டார் சைக்கிளில் புதிதாக ஒரு சத்தம் கேட்கிறது என்று சொன்னால், "போர் போயிருக்கும், எஞ்சினை இறக்கிப் பாத்துடலாம்" என்பதுதான் பல பட்டறைகளில் கிடைக்கும் முதல் பதில். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவரைத்தான் போர் என்கிறார்கள். சில நேரங்களில் அந்தப் பதில் சரியாகவும் இருந்துவிடுவதால் அதற்கு ஒரு மதிப்பும் ஏற்பட்டுவிட்டது. ஆனால் இறக்கி வைத்த எஞ்சின் சத்தம் போடாது. பிரித்து மேசைமேல் பரப்பிய பாகங்களைப் பார்த்து எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லலாமே தவிர, எது சத்தமிட்டது என்று சொல்ல முடியாது. முப்பது ஆண்டுக்குமேல் ஓடிய வண்டியில் ஏறக்குறைய எல்லாப் பாகங்களும் ஓரளவு தேய்ந்துதான் இருக்கும். ஆகவே தேய்ந்ததையெல்லாம் மாற்றுகிறார்கள், பில் நீளுகிறது, அதற்குப் பிறகும் சத்தம் இருந்தால் "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். ஓடும் எஞ்சினில் மட்டுமே கிடைக்கக்கூடிய சான்றுகளை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சேகரித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதை எழுதுவதன் நோக்கம்.

நான் ஓட்டுவது என் அப்பா வாங்கிய ஹீரோ ஹோண்டா சிடி 100. 1985இல் இந்தியச் சாலைக்கு வந்த அந்த 97.2 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைத்தான், சிறு சிறு மாற்றங்களோடு, பின்னால் வந்த ஸ்பிளெண்டர் உள்ளிட்ட பல வண்டிகளும் சுமந்தன. அதனால் கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். புல்லட்டும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளும் வேறுபடும் இடங்களைத் தனியே சொல்கிறேன்.

சத்தத்தைப் பரிசோதிக்கச் சேலத்துக்காரர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் வரைக்கும் சாலை பெரிய ஏற்றமில்லாமல் போகிறது. அடிவாரத்தைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டில் முடிகிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். காலையில் வீட்டு வாசலில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, ஊரைத் தாண்டிச் சமதளத்தில் ஒரே வேகத்தில் ஓட்டி, மலையேறும்போது முழுச் சுமையைக் கொடுத்து, திரும்பி இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடி வண்டியின் எடையே எஞ்சினைச் சுழற்றும்படி விட்டால், ஒரு எஞ்சின் சந்திக்கக்கூடிய எல்லா நிலைகளும் ஒரே பயணத்தில் வந்துவிடுகின்றன. சத்தம் இவற்றில் எந்த நிலையில் பிறக்கிறது, எதில் மறைகிறது என்று குறித்துக்கொண்டு வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். காற்றால் குளிரும் பழைய எஞ்சின் அமைதியாக இருக்காது. சத்தத்தை விழுங்கிக்கொள்ள அதன் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இல்லை. குளிர்விப்பதற்காக வைத்த இறக்கைகளே உள்ளே எழும் சிறு அதிர்வையும் வெளியே பரப்பிவிடுகின்றன. ஆகவே நேற்றில்லாத சத்தம் ஏதேனும் இன்று இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இதற்கு வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே அதன் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்து வைத்துக்கொள்வது பயன்படும். குளிர்ந்த நிலையில் ஒன்று, பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒன்று, இரண்டும் ஒரே இடத்தில், கைப்பேசியை ஒரே தொலைவில் வைத்து எடுத்ததாக இருக்க வேண்டும். நினைவில் இருக்கும் சத்தத்தை நம்ப முடியாது. கவலை வந்துவிட்டால் காது எல்லாவற்றையும் புதிதாகவே கேட்கும்.

அடுத்து, எஞ்சின் சத்தம் என்று கொண்டுவரப்படுபவற்றில் பல எஞ்சினுக்குள்ளிருந்து வருவதே இல்லை. செயின் கவரின் போல்ட் தளர்ந்திருக்கும். சைலன்சரைத் தாங்கும் கிளாம்பு விட்டிருக்கும். லெக் கார்டு, நம்பர் பிளேட், பெட்ரோல் டேங்கின் ரப்பர் என்று எதுவும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்து, அந்த வேகத்தைத் தாண்டியதும் அடங்கிவிடும். எஞ்சினைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்தால் வருகிற சத்தம், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்கின் சத்தம் போலவே ஏமாற்றும். இவற்றைப் பிரித்தறிய எளிய வழி, போக்குவரத்தில்லாத சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச்சைப் பிடித்து, எஞ்சினை ஐடிலுக்கு, அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும் வேகத்துக்கு, இறங்கவிட்டு, வண்டியை அதன் போக்கில் உருளவிடுவது. சத்தம் அதே தாளத்தில் தொடர்ந்தால் அது சக்கரத்தோடும் செயினோடும் தொடர்புடையது. எஞ்சின் வேகம் குறைந்ததும் கூடவே குறைந்தால் எஞ்சினைச் சேர்ந்தது. தேய்ந்த செயின் ஸ்பிராக்கெட்டும், ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளரும் செயினும் எத்தனையோ எஞ்சின்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்திருக்கின்றன. இந்தச் சோதனையை மலைச்சரிவில் செய்யக் கூடாது. டிரம் பிரேக் வண்டியில் எஞ்சினின் பிடிப்பு இல்லாமல் கொண்டை ஊசி வளைவில் இறங்குவது, எந்தச் சத்தத்தைக் கண்டுபிடிப்பதற்காகவும் செய்யத் தக்கதன்று.

நின்ற இடத்திலேயே செய்யக்கூடிய இன்னொரு சோதனை, நியூட்ரலில் ஐடில் ஓடும்போது கிளட்ச்சைப் பிடித்து விட்டுப் பார்ப்பது. பிடித்ததும் சத்தம் மறைந்தாலோ, அல்லது பிடித்தால்தான் தோன்றினாலோ, பிஸ்டனையும் வால்வையும் மறந்துவிட்டுக் கிளட்ச் பக்கம் பார்க்கலாம்.

இனி குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் நேரம். இங்கே மூன்று சத்தங்கள் ஒன்றுபோலவே கேட்டு ஆளை மயக்கும்: டேப்பெட், பிஸ்டன், சைலன்சர் பைப் இணைப்பில் ஏற்படும் கசிவு.

டேப்பெட் சத்தம், சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டிலிருந்து வரும் மெல்லிய "டிக் டிக்". வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கருக்கும் வால்வின் முனைக்கும் இடையில் விட வேண்டிய இடைவெளி சிடி 100இல் 0.05 மில்லிமீட்டர், அது அதிகமானால் ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும் ராக்கர் தட்டிவிட்டுத்தான் தள்ளும். எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது, இடதுபக்க மேக்னெட் கவரில் உள்ள இரண்டு மூடிகளைத் திறந்து, பிஸ்டன் மேல்முனைக்கு வந்ததைக் காட்டும் 'டி' குறி நேராக வரும்வரை சுழற்றி, அந்நிலையில் இரண்டு ராக்கரும் கையால் அசைக்கக்கூடியபடி தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தளரவில்லையென்றால் பிஸ்டன் மேலே இருந்தாலும் அது அழுத்த ஸ்ட்ரோக் அன்று; இன்னொரு முழுச் சுற்று சுற்றிய பிறகே, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைக்க வேண்டும். இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டித்தாக வேண்டும். சத்தம் பிடிக்காத வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்த டேப்பெட்டை ஒட்ட இறுக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வண்டி அன்றைக்கு அழகாக ஓடும். ஆனால் புகை வெளியேறும் வால்வு தன் வெப்பத்தில் பெரும்பகுதியை ஹெட்டுக்குக் கடத்துவது, அது இருக்கையில் முழுதாக அமர்ந்திருக்கும் நேரத்தில்தான். இடைவெளியே இல்லாவிட்டால் அது சரியாக அமராமல், சூட்டைக் கடத்த முடியாமல் மெல்லக் கருகிவிடும். லேசாகத் தட்டும் டேப்பெட் தொந்தரவுதான். சத்தமே இல்லாத டேப்பெட் செலவு.

பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும் சத்தம் டேப்பெட்டைவிடச் சற்றுத் தடித்த "டக் டக்" ஆக, சிலிண்டரின் நடுப்பகுதியிலிருந்து வரும். அதன் முக்கியமான அடையாளம், காலையில் உரக்கக் கேட்டுச் சில நிமிடங்களில் குறைந்துவிடுவது. அலுமினியப் பிஸ்டன் சூட்டில் விரியும் அளவு, வார்ப்பிரும்பு விரிவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே எஞ்சின் சூடேற ஏறப் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளி சுருங்கிச் சத்தம் அடங்குகிறது. காலையில் மட்டும் கேட்டு, கோரிமேட்டைத் தாண்டுவதற்குள் மறைந்துவிடுகிற, புகையோ எண்ணெய்க் குறைவோ உடன் இல்லாத பிஸ்டன் சத்தத்தோடு ஒரு வண்டி பல ஆண்டுகள் ஓடலாம் என்பது என் கருத்து. சூடேறிய பிறகும் அது தொடர்ந்தால்தான் போர் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, சைலன்சர் பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் உள்ள கேஸ்கட் கசிவு. ஒவ்வொரு வெடிப்பிலும் அந்தச் சிறு இடைவெளி வழியே "சட் சட்" என்று காற்று பீறிடுவதைத் தொலைவிலிருந்து கேட்டால் டேப்பெட் என்றே தோன்றும். அந்த இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். எஞ்சின் இன்னும் சூடாகாத முதல் அரை நிமிடத்தில் அங்கே கையை அருகே கொண்டுபோனால் காற்று படும். சோப்பு நீரைத் தடவினால் குமிழ் வரும். சில ரூபாய் கேஸ்கட்டை மாற்றிவிட்டால் தீர்ந்துவிடும் இந்தச் சத்தத்துக்காக ராக்கர், கேம் எல்லாம் மாற்றிய வண்டிகள் உண்டு.

எஞ்சின் சூடேறி அடிவாரத்தைத் தாண்டியதும் வேறு வகைச் சத்தங்கள் தொடங்குகின்றன. மலைப்பாதையில் ஒரு பக்கம் வெட்டிய பாறைச் சுவரும் மறுபக்கம் பள்ளமும் இருப்பதால், பாறை அருகில் இருக்கும்போது எஞ்சின் சத்தம் எதிரொலித்துத் திரும்பி வந்து உரக்கக் கேட்கும். ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டிப் பாறை மறுபக்கம் போனதும் அதே எஞ்சின் அமைதியானதுபோலத் தோன்றும். புதிதாகக் கவனிக்கத் தொடங்குபவர்கள் இதை எஞ்சினின் மாற்றமாக எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். மற்றபடி இந்த எதிரொலி நமக்கு உதவியே. ஓட்டும்போது காற்றிலும் ஹெல்மெட்டிலும் கரைந்துபோகும் மெல்லிய சத்தங்களைச் சுவர் திருப்பித் தருகிறது.

ஏற்றத்தில் பின்னால் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு, மூன்றாம் கியரிலேயே வளைவை எடுத்துவிடலாம் என்று ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கும்போது, தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் எழுமானால், அது எந்தப் பாகமும் தளர்ந்ததால் வருவதன்று. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, பிளக்கின் தீப்பொறியிலிருந்து ஒழுங்காக எரிந்து பரவுவதற்கு முன், சூட்டாலும் அழுத்தத்தாலும் மூலையில் தானாகவே வெடிப்பதால் வருவது அது. பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் படிந்த கரி, அளவுக்கு மீறி முன்தள்ளிய இக்னிஷன் டைமிங், கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாக வருவது, எஞ்சின் அதிகமாகச் சூடாவது ஆகியவை இதற்குக் காரணங்கள். உடனடி மருந்து ஒரு கியர் இறக்கிவிடுவது. இரண்டாம் கியருக்கு மாற்றியதும் சத்தம் சட்டென்று நின்றால் ஐயம் ஏறக்குறையத் தீர்ந்தது.

இதற்கு மலை தரும் இன்னொரு சான்றும் உண்டு. ஏற்காட்டில் காற்றின் அழுத்தம் சேலத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்று குறையக் குறைய உள்ளே எழும் அழுத்தமும் குறைகிறது; பழைய கார்புரேட்டர் இந்த மாற்றத்தை அறியாமல் அதே அளவு பெட்ரோலை விடுவதால் கலவையும் செழித்துவிடுகிறது. இரண்டுமே இந்தச் சத்தத்தைத் தணிப்பவை. எனவே கீழ் வளைவுகளில் சடசடத்து, மேலே போகப் போகத் தானாகக் குறையும் சத்தம் எரிதலைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு மிகுதி.

நேர்மாறாக, மேலே போகப் போக வளரும் சத்தம் அச்சம் தரவேண்டியது. கனெக்டிங் ராடின் அடிமுனை, அதாவது கிராங்க்கைப் பிடிக்கும் பிக் எண்ட், தேய்ந்திருந்தால் ஆழத்திலிருந்து "டொக் டொக்" என்று கனமான ஒலி வரும். அதைக் காதால் கேட்பதற்கு முன்பே கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட்டில் உணர முடியும். குளிர்ந்த காலையில் தடித்திருக்கும் எண்ணெய் தேய்ந்த இடைவெளியை நிரப்பி இதை மறைத்துவிடுகிறது. எண்ணெய் சூடாகி நீர்க்க நீர்க்க உண்மை வெளிப்படுகிறது. பிஸ்டன் சத்தம் சூட்டில் குறையும், பிக் எண்ட் சத்தம் சூட்டில் கூடும் என்ற இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்திருந்தாலே, இறக்க வேண்டிய எஞ்சினையும் இறக்கத் தேவையில்லாத எஞ்சினையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். பிக் எண்ட் சத்தம் உறுதியாகத் தெரிந்தால் மேற்கொண்டு ஏற வேண்டாம். சாலை அகலமான இடத்தில் ஓரங்கட்டி, எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டு, வண்டியைச் சுமை ஆட்டோவில் ஏற்றி இறக்குவதே சிக்கனம்.

கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் தேய்ந்தால் தட்டும் ஒலி இராது. "உர்ர்" என்ற தொடர்ச்சியான உறுமல், வேகத்தோடு சுருதி கூடிக்கொண்டு போகும்.

தாளத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்க் சுற்றும் வேகத்தில் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆகவே பாதித் தாளத்தில் வந்தால் வால்வு பக்கம், முழுத் தாளத்தில் வந்தால் கிராங்க் பக்கம் என்று ஒரு விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் பாதிதான் உண்மை. பிஸ்டனும் பிக் எண்டும் மிகப் பலமாகத் தட்டுவது எரிதல் நடக்கும் ஸ்ட்ரோக்கில். எரிதலோ இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. எனவே கிராங்க் சத்தமும் பாதித் தாளத்தில் வரலாம். அதுமட்டுமன்றி, 1,400 சுற்றில் ஐடில் ஓடும் சிடி 100இல் நொடிக்கு இருபதுக்கு மேற்பட்ட தட்டல்களை எந்தக் காதால் எண்ணுவது? மெதுவாக ஐடில் ஓடும் புல்லட்டில் வேண்டுமானால் இது ஓரளவு பயன்படும்.

இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி இரண்டாம் கியரில் வரும்போது எரிதலின் சுமை எஞ்சினில் இல்லை. ஏற்றத்தில் கேட்டது இப்போது மறைந்துவிட்டால் அது சுமையைச் சேர்ந்தது. இறக்கத்தில் மட்டும் தோன்றும் சத்தங்களில் முதன்மையானது, கிராங்க்கிலிருந்து கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் செயினின் சத்தம். சைலன்சரிலிருந்து அவ்வப்போது "பட் பட்" என்று வெடிப்பது மற்றொன்று. எரியாத கலவை சூடான பைப்பில் கசிவு வழியாக நுழையும் காற்றோடு சேர்ந்து எரிவதால் வரும் அது, மேலே சொன்ன கேஸ்கட் கசிவுக்கே சாட்சி சொல்கிறது. கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்ப்பதும் நல்லது. நீண்ட இறக்கத்துக்குப் பிறகு ஆக்சிலேட்டரைத் திறந்தவுடன் ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு கைடும் சீலும் தேய்ந்திருக்கின்றன. ஏற்றத்தில் விடாமல் நீலப்புகை வந்தால் ரிங்கும் போரும்.

என் வண்டியில் வந்த சத்தம் இறக்கத்தில் மட்டும் தோன்றும் இந்த வகையைச் சேர்ந்தது. ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது நடுத்தர வேகத்தில் இடது பக்கத்திலிருந்து "கடகட" என்று வந்து, ஆக்சிலேட்டரைச் சிறிது கொடுத்ததும் நின்றுவிடும். ஒரு பட்டறையில் வழக்கமான பதிலைக் கேட்டுவிட்டு, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, ஏறும்போது வருகிறதா என்று மறுபடியும் ஒருமுறை கேட்டார். பிறகு நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து, அதன் நுனியை எஞ்சினின் ஒவ்வோரிடத்திலும் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேட்டார். காற்று வழியே வரும்போது எங்கும் பரவிக் கேட்கும் சத்தம், உலோகம் வழியே வரும்போது பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கும் கொடுத்தார். ஹெட்டின்மேல் டேப்பெட் வழக்கம்போல் தட்டியது. கிளட்ச் பக்கம் சீராக இருந்தது. சிலிண்டரின் இடதுபுறத்தில், டைமிங் செயின் ஓடும் பாதைக்கு நேராக வைத்தபோது மட்டும், ஆக்சிலேட்டரை விட்ட அக்கணத்தில் கரகரவென்று உரசியது.

"போருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல தம்பி. டென்ஷனரையும் ரோலரையும் பாத்துட்டு அப்புறம் பேசலாம்" என்றார்.

இந்த எஞ்சினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்க, அடியில் ஸ்பிரிங்கும் எண்ணெயும் தள்ளும் ஒரு புஷ் ராடு இருக்கிறது. சிலிண்டரின் நடுவே ஒரு போல்ட்டில் சுழலும் ரப்பர் கைடு ரோலர் செயினை ஓரத்தில் மோதாமல் வழிநடத்துகிறது. சுமை இருக்கும்போது செயினின் ஒரு பக்கம் விறைப்பாக நிற்கும். ஆக்சிலேட்டரை மூடியதும் அந்த விறைப்பு குலைந்து செயின் அலையத் தொடங்கும். ரோலர் தேய்ந்திருந்தால் அது சுவரில் உரசும். ஸ்பிரிங் நன்றாகவே இருந்தது. எஞ்சினைச் சேஸிஸிலிருந்து இறக்காமல் ஹெட்டைக் கழற்றியபோது, ரோலரின் ரப்பர் காய்ந்து கல்லாகி, செயின் ஓடிய இடத்தில் ஆழமாகக் குழிந்திருந்தது. செயின் பாதையின் சுவரில் பளபளவென்று உரசல் தடம். ரோலர், டைமிங் செயின், ஹெட் கேஸ்கட் ஆகியவற்றோடு வேலை முடிந்தது. பிஸ்டனையும் போரையும் அளந்து பார்த்து அப்படியே விட்டுவிட்டார்.

எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. எந்தச் சத்தமானாலும் முதலில் அளவைப் பார்க்க வேண்டும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் சமதளத்தில் நிறுத்தி, எண்ணெய் அளவு காட்டும் குச்சியைத் துடைத்து, திருகாமல் உள்ளே வைத்து எடுத்துப் பார்ப்பதுதான் இந்த எஞ்சினுக்குச் சரியான முறை; திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். பழைய எண்ணெயை வடிக்கும்போது வெள்ளைத் துணி ஒன்றின் வழியே வடிகட்டி, துணியில் நிற்பதை வெயிலில் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. ஒட்டாமல் வெள்ளியாக மின்னுவது பெரும்பாலும் பிஸ்டனின் அலுமினியம். பொன்னிறம் புஷ்ஷிலிருந்து வந்த வெண்கலம். மாவு போன்ற நுண்துகள் முதுமையின் அடையாளம்; நகத்தில் உணரக்கூடிய சில்லு வந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. சிடி 100இல் புதிய கார்களில் உள்ளதுபோன்ற காகித எண்ணெய் ஃபில்டர் இல்லை. ஒரு வலையும், வலதுபக்கக் கவருக்குள் கிராங்க்கோடு சேர்ந்து சுழன்று அழுக்கை ஓரத்துக்கு வீசி ஒட்டவைக்கும் ஒரு கிண்ணமும்தான் இருக்கின்றன. எண்ணெயைத் தவறாமல் மாற்றுபவர்கள்கூட இந்தக் கிண்ணத்தைத் திறப்பதில்லை. அதில் கெட்டிப்பட்டிருக்கும் கரிய மண்டிக்குள்தான் எஞ்சினின் வரலாறு முழுவதும் படிந்திருக்கிறது.

புல்லட் வைத்திருப்பவர்களுக்குச் சில வேறுபாடுகள். 70 மில்லிமீட்டர் போரும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட பழைய வார்ப்பிரும்பு 350இல் டேப்பெட்டைச் சரிசெய்யும் இடம் ஹெட்டில் இல்லை. வலதுபுறம் சிலிண்டரின் அடியில் உள்ள சிறிய மூடிக்குள் இருக்கிறது. அங்கே ஃபீலர் கேஜ் தேவையில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கீழிருந்து ராக்கரைத் தள்ளும் புஷ் ராடு மேலும் கீழும் ஆடாமல், ஆனால் விரலால் தடையின்றிச் சுழற்ற முடிகிற அளவில் இருந்தால் போதும். ஐடிலில் இடதுபுறத்திலிருந்து வரும் லொடலொடப்பு பெரும்பாலும், கிராங்க்கிலிருந்து கிளட்ச்சைச் சுழற்றும் பிரைமரி செயின் தளர்ந்ததால் வருவது. அதைக் கிராங்க் சத்தம் என்று நினைத்துப் பயந்தவர்கள் ஏராளம். தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் சி.பி. பாயின்ட் உள்ள பழைய வண்டிகளில் டைமிங் தானாகவே மாறிக்கொண்டிருக்கும் என்பதால், ஏற்றத்தில் சடசடத்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

யமஹா ஆர்எக்ஸ் 100இல் டேப்பெட் சத்தம் என்று யாராவது சொன்னால் வண்டியை அங்கே விடாமல் திரும்பிவிடலாம். அந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் டேப்பெட்டே கிடையாது. அதில் கேட்கும் தட்டல் பிஸ்டன், கனெக்டிங் ராடின் மேல்முனையான ஸ்மால் எண்டின் ஊசி பேரிங், பிக் எண்ட் ஆகிய மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஓட்டும் பழைய யெஸ்டி போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளை ஏற்காட்டிலிருந்து இறக்கும்போது இன்னொரு எச்சரிக்கை தேவை. ஆக்சிலேட்டர் மூடியே இருந்தால் பெட்ரோல் மட்டுமன்றி, அதோடு வரும் எண்ணெயும் நின்றுபோகிறது. எஞ்சினோ கியரின் பிடியில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஆக்சிலேட்டரைச் சிறிது திறந்து மூட வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு கிராங்க்தான் என்று முடிவாகி, ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றினால், கடைசிச் சோதனையை உரிமையாளரே செய்து பார்க்கலாம். பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, கனெக்டிங் ராடை இரண்டு கையாலும் பிடித்து, அதன் நீளவாக்கில் இழுத்துத் தள்ள வேண்டும். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு; அதைக் காட்டி யாரும் பயமுறுத்தக் கூடாது. நீளவாக்கில் சிறிதளவு தட்டினாலும் கிராங்க் பின்னையும் பேரிங்கையும் மாற்றியாக வேண்டும். அந்த வேலையைப் பிரஸ் மட்டும் வைத்திருக்கும் கடைக்குக் கொடுக்காமல், அழுத்திச் சேர்த்த பிறகு கிராங்க்கைச் சென்டரில் ஏற்றிச் சுழற்றி, டயல் கேஜ் வைத்துக் கோணல் இருக்கிறதா என்று பார்த்துத் தரும் லேத் பட்டறைக்கே கொடுக்க வேண்டும். கோணலாகச் சேர்ந்த கிராங்க் புதிய மெயின் பேரிங்கையும் சில மாதங்களில் உறுமவைத்துவிடும். போர் அடிக்க, அதாவது சிலிண்டரின் உட்சுவரைச் சற்றுப் பெரிதாகக் கடைய, நேர்ந்தால் 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கிறதா என்று முதலில் விசாரித்து, பிஸ்டனைக் கையில் வாங்கி, அதை அளந்து அதற்கேற்பப் போர் அடிக்கச் சொல்வது நல்லது. எடுத்த எடுப்பிலேயே பெரிய அளவுக்குப் போய்விட்டால் அடுத்த முறைக்குச் சிலிண்டரில் உலோகம் மிஞ்சாது.

வேலை முடிந்து வந்த வண்டியை முதல் 500 கிலோமீட்டருக்கு மலைக்குக் கொண்டுபோகாமல், ஓமலூர் வரைக்கும் அயோத்தியாபட்டணம் வரைக்கும் என்று சமதளத்தில், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அதற்குள் ஒருமுறை எண்ணெயை வடித்து மாற்றிவிட்டு, கைப்பேசியில் பழைய பதிவுகளுக்குப் பக்கத்தில் இரண்டு புதிய பதிவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.